வளைகுடாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: ஆறு நாடுகளில் நமக்கு ஏற்றது எது?

ரந்தாவ், லாபு, லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, புகுமுக வகுப்பைத் தாண்டி, ஆங்கில மொழிக் கல்வியில் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் இன்று பலர். ஒரு காலத்தில் தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் அங்கே ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொன்னது. அந்தப் பள்ளியோடு பெரும்பாலோருக்குப் படிப்பு முடிந்தது. ஆங்கிலம் பட்டணத்துப் பள்ளிகளின் மொழியாக இருந்தது. அந்தத் தோட்டங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை இன்று ஆங்கிலம் கற்பிக்க அரபு நாடுகளுக்குப் போவதைப் பற்றி யோசிக்கிறது.

இந்த யோசனைக்குப் பின்னால் பல வீடுகளில் ஒரே காரணம்தான் இருக்கும். தோட்டத்து வீடு நிர்வாகத்தின் வீடு. வேலை இருக்கும் வரைதான் அதில் குடியிருக்க முடியும். நம் நாட்டில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்த வயது நெருங்கும்போது, சிரம்பானிலோ நீலாயிலோ சொந்தமாக ஒரு வீடு வாங்க முன்பணம் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்ற நிலையில் பெற்றோரால் அதைச் சேர்த்திருக்க முடியாது. இரண்டு, மூன்று ஆண்டு வளைகுடாவில் உழைத்தால் அந்த முன்பணம் கிடைக்கும் என்ற கணக்கு தவறானதல்ல. ஆனால் எந்த நாடு, எந்த வகைப் பள்ளி, எந்த ஒப்பந்தம் என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு பலிக்கலாம், கைவிட்டும் போகலாம். முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

முதலில் கடப்பிதழ் பற்றிய உண்மை

வளைகுடா வேலை விளம்பரங்களில் "தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்" என்ற நிபந்தனை அடிக்கடி வரும். நடைமுறையில் இதற்குப் பொருள், ஒருவர் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசுகிறார் என்பதல்ல. அவர் எந்த நாட்டுக் கடப்பிதழ் வைத்திருக்கிறார் என்பதுதான். பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளையே பல நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் வைக்கின்றன. மலேசியா அதில் இல்லை.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் தெரியாமல் விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் பதில் வராமல் காத்திருக்க நேரிடும். அந்த நிபந்தனை இல்லாத பள்ளிகளைத் தேடுவதும், அதை ஈடுகட்டும் தகுதிகளைச் சேர்ப்பதும்தான் வழி. ஆங்கில மொழிக் கல்வியில் இளங்கலைப் பட்டம், குறைந்தது இரண்டு ஆண்டு வகுப்பறை அனுபவம், ஐஇஎல்டிஎஸ் தேர்வில் உயர்ந்த மதிப்பெண், முடிந்தால் செல்டா போன்ற அனைத்துலக ஆசிரியர் சான்றிதழ் ஆகிய நான்கும் சேர்ந்தால் விண்ணப்பம் கவனிக்கப்படும்.

மலேசிய ஆசிரியருக்கு மற்றொரு பலமும் உண்டு. நம் நாட்டின் ஆங்கிலப் பாடத்திட்டம் சிஇஎஃப்ஆர் எனப்படும் ஐரோப்பிய மொழித்தர அளவீட்டைப் பின்பற்றுகிறது. ஆங்கில ஆசிரியர்கள் அதில் சி1 நிலையை எட்ட வேண்டும் என்பது கல்வி அமைச்சின் இலக்கு. வளைகுடாவில் பயன்படும் பாடநூல்கள் பலவும் இதே அளவீட்டில் அமைந்தவை. ஆகவே தன்விவரக் குறிப்பில் "சிஇஎஃப்ஆர் பாடத்திட்டத்தில் கற்பித்த அனுபவம்" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

மொழியறிவிலும் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அரபு மொழியில் "பார்க்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி கிடையாது. அரபு மாணவர்கள் அதை "பேக்" என்பதில் வரும் அழுத்தமான ஒலியாகவே உச்சரிப்பார்கள். தமிழிலும் இந்த இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்துதான். தமிழ், மலாய் இரண்டுக்கும் பிறகு மூன்றாம் மொழியாக ஆங்கிலத்தைக் கற்றவருக்கு, மாணவன் எங்கே இடறுகிறான் என்பது தன் அனுபவத்திலேயே தெரியும். நேர்காணலில் இதை எடுத்துச் சொல்வது வீண் பெருமையாகாது. அது ஒரு தொழில் தகுதி.

நாட்டுக்கு முன் பள்ளியின் வகை

ஒரே நாட்டில், ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளின் சம்பளம் இருமடங்கு வேறுபடலாம். காரணம் பள்ளியின் வகை.

பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டத்தில் நடக்கும் அனைத்துலகப் பள்ளிகள் பொதுவாக நல்ல சம்பளமும் தங்குமிடமும் தருகின்றன. ஆனால் கடப்பிதழ் நிபந்தனை இங்குதான் அதிகம். பல்கலைக்கழகங்களின் ஆயத்த ஆண்டு ஆங்கில வகுப்புகள் இரண்டாவது வகை. சவூதியிலும் ஓமானிலும் இவை நிறைய உண்டு. இவற்றுக்குப் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். முதுகலை முடித்த மலேசியர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மூன்றாவது, இந்தியாவின் சிபிஎஸ்இ பாடத்திட்டப் பள்ளிகள். ஆறு நாடுகளிலும் இவை இருக்கின்றன. தமிழ் பேசும் சக ஆசிரியர்களும் பிள்ளைகளும் இருப்பதால் மனத்துக்கு ஒட்டும். ஆனால் இங்கே சம்பளம் இந்திய ஆசிரியர் சந்தையை ஒட்டியே அமைவதால் பெரும்பாலும் குறைவு. வாடகை கழித்துப் பார்த்தால் மலேசியாவில் வாங்கும் சம்பளத்தைவிடப் பெரிதாக மிஞ்சாத வாய்ப்பும் உண்டு. நான்காவது, தனியார் மொழிப் பயிற்சி மையங்கள். வேலை எளிதாகக் கிடைக்கும். மாலை, இரவு நேர வகுப்புகளும், மணிக்கணக்கில் சம்பளமும், உறுதியில்லாத ஒப்பந்தமும் இங்கே அதிகம்.

ஐக்கிய அரபு சிற்றரசுகள்

துபாய், அபுதாபி, சார்ஜா உட்பட ஏழு சிற்றரசுகள் சேர்ந்த நாடு. தனியார் பள்ளிகள் மிக அதிகம் என்பதால் வேலை வாய்ப்பும் அதிகம், போட்டியும் அதிகம். துபாயில் கேஎச்டிஏ, அபுதாபியில் அடெக் என்ற கல்வி ஆணையங்கள் தனியார் பள்ளிகளைச் சோதித்துத் தர மதிப்பீடு வெளியிடுகின்றன. வேலை தரும் பள்ளி எப்படிப்பட்டது என்பதை வீட்டிலிருந்தே பார்க்க முடிவது பெரிய வசதி.

2022 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை அரை நாள். சார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. விற்பனை வரி 5 விழுக்காடு. பணிக்கொடையாக முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும் அதன் பின் ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் சட்டப்படி உண்டு. 2023 முதல் வேலையிழப்புக் காப்புறுதியும் கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம் வரை உள்ளவர்கள் மாதம் 5 திர்ஹாம் கட்ட வேண்டும்.

குறை என்று பார்த்தால் வாடகை. பள்ளி தங்குமிடம் தராவிட்டால் துபாயில் சம்பளத்தின் பெரும்பகுதி வீட்டுக்கே போய்விடும். பல மாத வாடகையை முன்னதாகவே காசோலையாகக் கேட்பதும் அங்கே வழக்கம். கடன் அட்டையும் தனிநபர் கடனும் சுலபமாகக் கிடைக்கும். கட்டத் தவறினால் நாட்டை விட்டு வெளியேறத் தடை வரலாம்.

சவூதி அரேபியா

பணம் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் பலர் முதலில் பார்ப்பது சவூதியை. தங்குமிடமோ அதற்கான படியோ, ஆண்டுக்கொரு விமானச் சீட்டோ சேர்ந்த ஒப்பந்தங்கள் அங்கே வழக்கமானவை. 2021 முதல் தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்கப்படுவதால் தேவையும் கூடியது. அதே நேரத்தில் வேலைகளை உள்நாட்டவருக்குக் கொடுக்கும் சவூதிமயக் கொள்கை பள்ளிகளிலும் நடைமுறையில் இருக்கிறது. நீண்ட கால வேலை என்று நம்பிப் போகக்கூடாது.

வாழ்க்கை முறை மாறியிருக்கிறது. 2018 ஜூன் முதல் பெண்கள் வாகனம் ஓட்டலாம். 2019 முதல் வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை. அடக்கமான உடை போதும். ஆனால் இஸ்லாம் அல்லாத சமயங்களின் பொது வழிபாட்டுக்கு அனுமதி இல்லை. மதுவும் கிடையாது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஆண், பெண் எனப் பிரிந்த பள்ளிகள்தான் பெரும்பாலும்.

பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதன் பின் ஒரு மாதச் சம்பளம். ஆனால் ஒப்பந்தத்தின் நடுவே தாமாகவே விலகினால் நிலைமை வேறு. இரண்டு ஆண்டுக்குள் விலகினால் ஒன்றும் கிடைக்காது. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. குடும்பத்தை அழைத்துச் செல்வோர் கவனிக்க வேண்டியது, உடன் வரும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம் உண்டு. விற்பனை வரி 15 விழுக்காடு. ஆறு நாடுகளில் இதுவே அதிகம்.

கத்தார்

சிறிய நாடு, தோஹா என்ற ஒரே பெருநகரைச் சுற்றியே எல்லாம். விற்பனை வரி இல்லை. முதலாளி மாற விரும்பினால் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்ற விதி 2020இல் நீக்கப்பட்டது. வெளியேறும் அனுமதியும் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு நீக்கப்பட்டுவிட்டது. ஒரு பள்ளியில் மாட்டிக்கொண்டால் வேறு பள்ளிக்கு மாற வழி இருப்பது முன்பிருந்த நிலையைவிட மேல். பணிக்கொடை ஓராண்டு முடிந்த பிறகு ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம். இந்துக்களுக்குப் பொதுக் கோயில் இல்லை, வீட்டோடு வழிபாடு.

ஓமான்

அமைதியான வாழ்க்கை, மலையும் கடலும் சேர்ந்த நிலம், வெளிநாட்டவரை மதிக்கும் மக்கள் என்று பெயர் பெற்ற நாடு. தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டிலேயே ஆங்கிலத்தைக் கொண்டுவரும் கல்விச் சீர்திருத்தம் 1998இல் தொடங்கியது. 2021இல் வேலை மாறுவதற்கான சம்மதக் கடித விதி நீக்கப்பட்டது. 2023இல் வந்த புதிய தொழிலாளர் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைப் பணிக்கொடையாக்கியது. பேறுகால விடுப்பு 98 நாள். நம் நாட்டின் அளவேதான்.

விற்பனை வரி 5 விழுக்காடு. 2028 முதல் தனிநபர் வருமான வரி வருகிறது. ஆனால் ஆண்டு வருமானம் 42,000 ரியாலுக்கு மேல் உள்ளவர்களுக்கே அது பொருந்தும் என்பதால் ஆசிரியர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஓமான்மயக் கொள்கையால் அரசுப் பள்ளிகளில் வெளிநாட்டவருக்கான இடங்கள் குறைந்துவருகின்றன. கல்லூரிகளும் தனியார் பள்ளிகளுமே நமக்கான வாய்ப்பு.

குவைத்

உலகிலேயே மதிப்பு மிகுந்த நாணயம் குவைத் தினார். விற்பனை வரி இல்லை. ஆனால் இங்கே ஒரு முக்கிய விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜூலை 1 முதல் தனியார் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டவர்கள் நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் ஒப்புதலோடு கூடிய வெளியேறும் அனுமதி பெற வேண்டும். வீட்டில் ஒரு துக்கம் என்றால் உடனே விமானம் ஏற நினைப்பவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. அவசர காலத்தில் அனுமதி எப்படி வழங்கப்படும் என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், அதன் பின் ஒரு மாதச் சம்பளம். மது தடை செய்யப்பட்டுள்ளது.

பஹ்ரேன்

ஆறில் மிகச் சிறியது. சவூதியோடு 1986இல் திறக்கப்பட்ட, சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள கடல் பாலத்தால் இணைந்தது. மனாமாவில் இருநூறு ஆண்டுப் பழைமையான கிருஷ்ணர் கோயில் இருக்கிறது. சம்பளம் மற்ற நாடுகளைவிடப் பொதுவாகக் குறைவு. வாடகையும் துபாயைவிடக் குறைவு. விற்பனை வரி 10 விழுக்காடு.

பணிக்கொடையில் பஹ்ரேன் நல்ல மாற்றம் ஒன்றைச் செய்திருக்கிறது. 2024 மார்ச் முதல் முதலாளி அந்தத் தொகையை மாதந்தோறும் அரசின் சமூகக் காப்புறுதி நிறுவனத்தில் செலுத்த வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளத்தில் 4.2 விழுக்காடு, அதன் பின் 8.4 விழுக்காடு. பள்ளி மூடப்பட்டாலும் அதுவரை செலுத்திய தொகை பாதுகாப்பாக இருக்கும்.

சம்பளத்தை எப்படி ஒப்பிடுவது?

எண்ணைப் பார்த்து ஏமாறுவதுதான் முதல் தவறு. 6,000 திர்ஹாம் பெரியதா, 600 குவைத் தினார் பெரியதா? 6,000 திர்ஹாம் சுமார் 1,634 அமெரிக்க டாலர். 600 குவைத் தினார் 1,900 டாலருக்கும் மேல். குவைத் தவிர மற்ற ஐந்து நாடுகளின் நாணயங்களும் டாலரோடு நிலையான மதிப்பில் கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், 3.75 சவூதி ரியால், 3.64 கத்தார் ரியால். ஒரு பஹ்ரேன் தினார் ஏறக்குறைய 2.66 டாலர், ஒரு ஓமான் ரியால் ஏறக்குறைய 2.60 டாலர். எல்லாச் சம்பளத்தையும் முதலில் டாலருக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

டாலரோடு கட்டப்பட்டிருப்பதில் ஒரு விளைவும் உண்டு. ரிங்கிட் வலுத்தால் வீட்டுக்கு அனுப்பும் பணம் குறையும். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டை ஒட்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு வந்தது. 10,000 சவூதி ரியால் முதலில் 12,800 ரிங்கிட்டாக இருந்தது, ஏழு மாதத்தில் 11,000 ரிங்கிட்டுக்குச் சற்றுக் கீழே போனது. வேலையில் எந்த மாற்றமும் இல்லாமலே மாதம் 1,800 ரிங்கிட் குறைந்தது. ஆகவே வீட்டுக் கடனை இன்றைய மாற்று விகிதத்தை நம்பி வாங்கக்கூடாது.

அடுத்தது தங்குமிடம். ஓர் எடுத்துக்காட்டு: துபாயில் தங்குமிடம் இல்லாமல் 9,000 திர்ஹாம், ஜெட்டாவில் தங்குமிடத்தோடு 8,000 ரியால். முதலாவது 2,450 டாலர், இரண்டாவது 2,133 டாலர். துபாயில் வாடகைக்கு 4,000 திர்ஹாம் போனால் மிஞ்சுவது சுமார் 1,360 டாலர். பெரிய எண் சிறிய சேமிப்பாகிவிடுகிறது.

மூன்றாவது, அடிப்படைச் சம்பளம். ஐக்கிய அரபு சிற்றரசுகள், கத்தார், ஓமான் ஆகிய நாடுகளில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. துபாயில் மொத்தச் சம்பளம் 9,000 திர்ஹாமாக இருக்கும் இருவரில், அடிப்படைச் சம்பளம் 5,000 உள்ளவருக்கு ஐந்தாண்டில் 17,500 திர்ஹாம் கிடைக்கும். அடிப்படை 3,000 மட்டும் காட்டி மீதியைப் படிகளாகப் பிரித்திருந்தால் கிடைப்பது 10,500. ஒப்பந்தத்தில் "மொத்தம்" என்ற வரியைப் படிப்பதோடு நிறுத்திவிடக்கூடாது.

வளைகுடாவில் நமது ஊழியர் சேமநிதி போன்ற மாதச் சேமிப்பு வெளிநாட்டவருக்கு இல்லை. பணிக்கொடைதான் அதற்கு ஈடு. ஆகவே இங்குள்ள சேமநிதிக் கணக்கில் தாமாகவே சந்தா செலுத்துவது நல்லது. ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை அப்படிச் செலுத்தலாம். பிடிபிடிஎன் கல்விக் கடன் தவணையையும் நிறுத்தாமல் கட்டி வர வேண்டும்.

பெண் ஆசிரியர்கள் கவனத்திற்கு

ஆங்கில ஆசிரியர்களில் பெண்கள் அதிகம் என்பதால் பேறுகால விடுப்பு முக்கியம். ஓமானில் 98 நாள். சவூதியில் 2025 பிப்ரவரி முதல் 12 வாரம். குவைத்தில் 70 நாள். பஹ்ரேனில் 60 நாள். ஐக்கிய அரபு சிற்றரசுகளில் 60 நாள். அதில் 45 நாளுக்கு முழுச் சம்பளம், 15 நாளுக்கு அரைச் சம்பளம். கத்தாரில் 50 நாள். தங்குமிடம் தனியறையா, பகிர்ந்துகொள்ளும் வீடா, பள்ளிக்குப் போக வாகன வசதி உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்.

வழிபாடும் சமையலறையும்

கோயில் நம் வாழ்க்கையின் ஒரு பகுதி. ஐக்கிய அரபு சிற்றரசுகளிலும் பஹ்ரேனிலும் ஓமானிலும் இந்துக் கோயில்கள் உண்டு. துபாய் ஜெபல் அலியில் 2022இலும் அபுதாபியில் 2024இலும் புதிய கோயில்கள் திறக்கப்பட்டன. கிறிஸ்தவர்களுக்குச் சவூதி தவிர மற்ற ஐந்து நாடுகளிலும் தேவாலயங்கள் உண்டு.

பெட்டி கட்டும்போது அம்மா வைத்துவிடும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கக்கூடாது. ஐக்கிய அரபு சிற்றரசுகள், சவூதி உள்ளிட்ட நாடுகளில் அது தடை செய்யப்பட்ட போதைப் பொருள் பட்டியலில் வருகிறது. விமான நிலையத்திலேயே கைதாக நேரிடலாம். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பள்ளியையோ நாட்டையோ குறைகூறிச் சமூக ஊடகத்தில் எழுதுவதும் வழக்கில் முடியலாம்.

ஆவணங்களும் வரிசையும்

வளைகுடாவில் பள்ளி ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்குகிறது. ஆள் எடுக்கும் பருவம் பெரும்பாலும் ஜனவரி முதல் மே வரை. ஆகவே முந்திய ஆண்டு இறுதிக்குள் ஆவணங்களைத் தயார் செய்துவிட வேண்டும்.

பட்டச் சான்றிதழுக்கு உயர்கல்வி அமைச்சின் உறுதிச் சான்று, பிறகு புத்ராஜெயாவில் உள்ள விஸ்மா புத்ராவின் முத்திரை, அதன் பின் போகவிருக்கும் நாட்டின் கோலாலம்பூர் தூதரக முத்திரை என்பதே வழக்கமான வரிசை. நன்னடத்தைச் சான்றிதழையும் விஸ்மா புத்ராவின் தூதரக சேவைப் பிரிவே வழங்குகிறது. சான்றிதழிலும் கடப்பிதழிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். தந்தை பெயர் ஒன்றில் முன்னும் ஒன்றில் பின்னும் வந்தால், அல்லது ஓர் எழுத்து மாறினால், வேலை அனுமதி அங்கேயே நின்றுவிடும். தோட்டத்தில் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரத்தில் இத்தகைய எழுத்துப் பிழைகள் உண்டு என்பதால் இதை முதல் வேலையாகச் சரிபார்ப்பது நல்லது.

முகவர் மூலம் போவதாக இருந்தால், அவருக்கு மனிதவளத் துறையின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1981ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி குற்றம். சவூதி, ஐக்கிய அரபு சிற்றரசுகளின் சட்டங்கள் ஆள் சேர்ப்புச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்கின்றன. "விசாவுக்கு இவ்வளவு கட்டுங்கள்" என்று தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "இப்போது சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பது ஆபத்தான பேச்சு. வேலை அனுமதி கைக்கு வராமல் வகுப்பறையில் நின்றால் சட்டத்தின் முன் குற்றவாளி ஆசிரியர்தான். வேலை தருவதாகச் சொல்லிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் அழைத்துச் செல்லப்பட்டு ஏமாந்த மலேசியர்களின் செய்திகளை யாரும் மறந்திருக்க முடியாது.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வேலையை விட்டுவிட்டுப் போகும் முன், தங்கள் கல்விக் கால ஒப்பந்தம் முடிந்துவிட்டதா, சம்பளமில்லா விடுப்புக்கு வாய்ப்பு உண்டா என்பதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். ஓய்வூதியத்தோடு கூடிய வேலையை இரண்டு ஆண்டுச் சேமிப்புக்காக இழப்பது எல்லாருக்கும் லாபமாகாது.

ஆறு நாடுகளிலும் மலேசியத் தூதரகம் உண்டு. துபாயிலும் ஜெட்டாவிலும் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. போய்ச் சேர்ந்ததும் அங்கே பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். 1990இல் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டதும், 2025 ஜூனில் கத்தாரில் உள்ள ராணுவத் தளத்தின் மீது ஏவுகணைகள் பாய்ந்ததும் அந்த வட்டாரத்தின் உண்மைகள். பெயர் பதிந்திருந்தால்தான் ஆபத்து நேரத்தில் தேடி வருவார்கள்.

யாருக்கு எது?

தனியாகப் போய், மூன்று ஆண்டில் வீட்டு முன்பணம் சேர்க்க வேண்டும் என்போருக்குத் தங்குமிடத்தோடு கூடிய சவூதி அல்லது கத்தார் ஒப்பந்தம் பொருந்தும். முதுகலை முடித்தவர்கள் சவூதி, ஓமான் பல்கலைக்கழகங்களைப் பார்க்கலாம். குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்கும், கோயிலும் நம்மவர் கூட்டமும் வேண்டும் என்போருக்கும் ஐக்கிய அரபு சிற்றரசுகள் வசதி. ஆனால் தங்குமிடம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அமைதியும் நியாயமான சட்டமும் போதும், சேமிப்பு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்போருக்கு ஓமானும் பஹ்ரேனும். வயதான பெற்றோரை விட்டுப் போகிறவர்கள், எந்நேரமும் திரும்ப வேண்டிவரலாம் என்றால், குவைத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

கையொப்பமிடும் முன் ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதிப் பார்க்க வேண்டும்: டாலரில் அடிப்படைச் சம்பளம், வாடகை, வீட்டுக்கு அனுப்பும் தொகை, ஒப்பந்த முடிவில் பணிக்கொடை, அப்பா ஓய்வு பெற மீதமுள்ள மாதங்கள். இந்த ஐந்தும் ஒத்து வந்தால் புறப்படலாம். ஒத்து வராவிட்டால் அடுத்த ஆள் சேர்ப்புப் பருவம் மீண்டும் ஜனவரியில் வரும். அதுவரை இன்னொரு சான்றிதழும் இன்னோர் ஆண்டு அனுபவமும் சேரும்.